கூத்தன் மென்ற வெற்றிலை

இது நான் நேரில் கண்டதல்ல. தேர் ஓடும் ஊரில் பிறந்த தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் ஒரு மலையடிவார ஊரில் பெரிய தேர் ஒன்று இருந்தது. வடம் பிடித்து இழுக்க ஊரே வரும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்பவர்கள்தான். அவர்களுக்குத் தலைவன் கூத்தன்.

"போடு!" என்று கத்துவான்; கட்டை விழும். "எடு!" என்பான், கட்டை நகரும். அவன் கத்தாமல் ஒரு கையும் அசையாது. அதில் அவனுக்குப் பெருமை.

ஒரு திருவிழாவில் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் தெருமுனையிலேயே தேர் நின்றுவிட்டது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"கூத்தா, அடுத்த ஆண்டும் தேர் நின்றால் தலைமை உனக்கில்லை" என்றான் திருவிழாவுக்கு வந்திருந்த அரசன்.

வீட்டில் கஷாயம் குடித்தபடி கூத்தன் புலம்பினான். "ஒன்றுக்கும் உதவாத பயல்கள்!"

மனைவி நங்கை சிரித்தாள். "நீர் மட்டும் கட்டையோடு பிறந்தீரா? அவர்களை என்றைக்காவது யோசிக்க விட்டீரா?" என்றவள், ஒரு கட்டு வெற்றிலையை அவன் மடியில் வைத்தாள். "கத்தத் தோன்றினால் இதைப் போட்டு மெல்லும்."

மறுநாள் கூத்தன் தன் ஆட்களைப் பழக்க ஒரு வண்டியில் கல் ஏற்றினான். தானே இழுத்தான். "இன்றைக்கு நக்கன் சொல்லட்டும்" என்றான். நக்கன் இடப்பக்கச் சக்கரத்துக்காரன். வாய் திறக்கவே கூச்சப்படுபவன்.

முதல் முறை வண்டி சுவரில் மோதியது. கூத்தன் வெற்றிலையை வாயில் திணித்தான்.

இரண்டாம் முறை வண்டி வாய்க்காலில் இறங்கியது. இன்னும் இரண்டு வெற்றிலை. மென்று முடித்த பிறகுதான் கேட்டான்: "எங்கே பிசகியது, நக்கா? நீயே சொல்."

நக்கன் யோசித்தான். "கட்டையைச் சீக்கிரம் வைத்துவிட்டோம், அண்ணே. அப்புறம்... நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கை காட்டட்டுமா?"

மூன்றாம் முறை வண்டி அழகாகத் திரும்பியது. அன்றிலிருந்து பயிற்சியில் ஆளுக்கொரு நாள் தலைமை. ஆண்டு முழுவதும் கூத்தன் வண்டி இழுத்தான், வெற்றிலை மென்றான்.

திருவிழா வந்தது. மூன்று தெருக்கள் கடந்தன. நான்காம் தெருவின் சரிவில் தேர் தானாக உருளத் தொடங்கியது. முன்னால் வடம் பிடித்த கூட்டம். முரசுகள் முழங்கின, கூத்தன் கத்தினாலும் கேட்டிருக்காது.

அதற்குள் நக்கனின் கை உயர்ந்தது. வலப்பக்கத்துக்காரன் பார்த்தான். இரண்டு கட்டைகளும் ஒன்றாக விழுந்தன. தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அரசன் ஓடிவந்தான். "சரியான நேரத்தில் ஆணையிட்டாய், கூத்தா!"

கூத்தன் திரும்பி வெற்றிலையைத் துப்பினான். "நான் எங்கே ஆணையிட்டேன், அரசே? வாய் நிறைய வெற்றிலை."

"பிறகு நீ எதற்கு?"

"ஆண்டு முழுவதும் வண்டி இழுப்பதற்கு."

அரசன் சிரித்துவிட்டான். தலைமை கூத்தனிடமே இருந்தது.

தன் குரல் எட்டாத இடத்திலும் வேலை சரியாக நடக்கும்படி தன் ஆட்களைப் பழக்குபவனே நல்ல தலைவன்.

பின்பு ஒரு தேர்த் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தேன். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியதே எனக்குக் கேட்கவில்லை. கட்டை வைத்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துத்தான் வைத்தார்கள்.