ஏரிக்காத்தாளின் பிடிமண்

ஏரி உடைத்துக்கொண்ட நாளில், ஒரு பெண்ணை உடைப்பில் நிறுத்தி மண் மூடினார்களாம். கரை நின்றது. அவள் ஏரிக்காத்தாள் என்று சாமியானாள்.

அந்தக் கதையை இயக்குநர் ஏகாம்பரம் முன்னொரு காலத்தில் படமாக எடுத்தார். கைகூப்பி, சிரித்த முகமாய் அவள் உடைப்பில் இறங்கியபோது கொட்டகையிலேயே சூடம் ஏற்றினார்கள்.

இப்போது அதே கதையை எடுப்பவள் அவருடைய சிஷ்யை மரகதம். அவள் எழுதிய முடிவில் அந்தப் பெண் இறங்கவில்லை.

படப்பிடிப்புக்கு ஊர்ப் பெண்கள் ஏரிக்கரையில் கூடிவிட்டார்கள். மரகதம் ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, சாமி கதையை மாத்துறது பாவமில்லையா? பழைய முடிவையே எடுத்துடட்டுமா?"

"அன்னிக்குப் பொண்ணுன்னா பொறுத்துப் போகணும்னு நெனச்சோம். நானும் அழுதுக்கிட்டேதான் எடுத்தேன். உனக்கு அழுகை வருதா?"

"கோபம் வருதுங்க ஐயா."

அவர் கோயில் பூசாரி மூக்காயியைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, பட்டணம் போன உங்க சனம் அங்கேயும் ஏரிக்காத்தாளுக்குக் கோயில் கட்டுச்சே. எப்படிக் கொண்டுபோச்சு?"

"பிடிமண்ணுதான். இங்கேருந்து ஒரு கைப்பிடி, மஞ்சத்துணியில முடிஞ்சு."

"ஒரு கைப்பிடியிலயா சிலை செஞ்சாங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! மீதியெல்லாம் அந்த ஊரு மண்ணு."

"அப்ப அது வேற சாமி."

"வாயைக் கழுவுங்க! அவளேதான். போன மாசங்கூடப் பட்டணத்துல என் பேத்திக்குப் பிள்ளை வரம் குடுத்தா."

மரகதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

குழாய் மழை கொட்டியது. ஊர்ப்பெரியவராக நடித்தவர், படத்துக்காகக் கரையில் வெட்டிய உடைப்பைக் காட்டினார். நாயகி ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"இன்னிக்கு நான். அடுத்த மழைக்கு யார் வீட்டுப் பொண்ணு? அள்ளுங்க எல்லாரும்!"

கூடைகள் எழுந்தன. மரகதம் "கட்" என்றாள். யாரும் நிற்கவில்லை. குலவைச் சத்தத்தில் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. உடைப்பு அடைபட்டுக் கரை எழும்பும்வரை மண் வந்துகொண்டே இருந்தது.

மூக்காயி சேற்றோடு ஓடிப்போய் நாயகியைக் கட்டிக்கொண்டாள்.

"தாயே, பொழச்சுக்கிட்டியே!"

கூட்டத்திலிருந்து ஏகாம்பரம் வந்தார். தலையில் காலிக் கூடை, தாடியெல்லாம் சேறு.

மரகதம் சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஐயா, நாளைக்கு இன்னொருத்தி வந்து என் முடிவையும் மாத்திட்டா?"

அவர் கூடையை அவள் கையில் கொடுத்தார்.

"வரட்டும். அவளுக்கும் ஒரு கைப்பிடி எடுத்து வை."