துரை கோலெடுத்த கதை

அறுவடை முடிந்த வயலில் முந்நூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. முந்நூறும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்றுகூடக் காது கொடுத்துக் கேட்காது. அதனால் அந்தக் கூட்டத்தில் சண்டையே வந்ததில்லை.

கூட்டத்துக்கு முன்னால் நடப்பவள் வெள்ளைச்சி. வாத்துகளை மேய்ப்பவள் பச்சையம்மா என்ற பெண்தான். ஆனால் வெள்ளைச்சியிடம் கேட்டால், பச்சையம்மாவையும் சேர்த்து மேய்ப்பது தான்தான் என்பாள்.

ஒரு நாள் காலை வெள்ளைச்சி வேலியில் ஓர் ஓட்டையைக் கண்டாள். அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. நத்தை கிடைக்கும் என்று உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே நாற்பது வாத்துகள் நுழைந்தன.

தோப்பில் நத்தை இல்லை. ஒரு நாய் இருந்தது. தென்னை மரத்தில் ஒரு முழக் கயிற்றில் கட்டிப் போட்டிருந்தார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பின்னங்கால் ஒன்று வீங்கித் தொங்கியது.

"யார் நீ?" என்றாள் வெள்ளைச்சி.

"காவல் நாய்."

"எதைக் காவல் காக்கிறாய்?"

"இந்த மரத்தை. மற்ற மரங்களுக்குக் கயிறு எட்டாது."

"உன் பெயர் என்ன?"

நாய் கொஞ்சம் யோசித்தது. "சனியனே! இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்."

வாத்துகள் கொல்லென்று சிரித்தன. நாய் சிரிக்கவில்லை. அது விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் நாற்பது வாத்துகளும் வாயை மூடிக்கொண்டன. அந்தக் கூட்டத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அப்போது தோப்புக் காவல்காரன் வையாபுரி தென்னை மட்டையோடு வந்தான்.

"சனியனே! வாத்து உள்ளே வர்றதைக்கூடக் குரைச்சுச் சொல்ல மாட்டியா?"

மட்டை மேலே போனது. நாய் கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அது பழகிய வேலை.

"யோவ்! மட்டையைக் கீழே போடு!"

வேலி ஓட்டையில் பாதி உடம்பும் வயலில் பாதி உடம்புமாகப் பச்சையம்மா கத்தினாள். மீதிப் பாதியையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என் நாய், நான் அடிப்பேன். உனக்கென்ன வந்துச்சு?"

"கால் ஒடிஞ்சு தொங்குதே, கண்ணு தெரியலையா? ஒரு முழக் கயித்துல கட்டிப் போட்டுட்டு, காவல் காக்கலைன்னு அடிக்கிறியே! நீ அந்தக் கயித்துல ஒரு நாள் இருந்து பாரேன்!"

"அவ்வளவு பாசமா இருந்தா நீயே தூக்கிட்டுப் போயேன். நொண்டி நாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் பேச்சுக்குத்தான் சொன்னான். அவள் அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். வையாபுரி சொன்னதைத் திருப்பி வாங்கப் பார்த்தான். ஆனால் நாற்பது சாட்சிகள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. அவன் காதைப் பொத்திக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டான்.

முட்டைக் கூடையில் வைக்கோலைப் பரப்பி, நாயை அதில் வைத்து, தலையில் சுமந்துகொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள் பச்சையம்மா. டாக்டர் காலுக்குக் கட்டுப் போட்டார். ஒரு மாதம் ஓடக் கூடாது என்றார். நாய்க்கு அது விளங்கவில்லை. ஓடாமல் இருப்பதற்குக் கயிறு வேண்டுமே, அது அவிழ்ந்துவிட்டதே என்று கவலைப்பட்டது.

ஏரிக்கரையில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம், பக்கத்தில் வலையால் வளைத்த வாத்துப் பட்டி. பச்சையம்மாவின் வீடு அவ்வளவுதான். மேய்ச்சல் தீர்ந்தால் வீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவாள்.

முதல் நாள் நாய் தூங்கு தூங்கென்று தூங்கியது. மறுநாள் பச்சையம்மா கஞ்சிச் சட்டியோடு வந்து நின்றாள்.

"துரைக்கு இன்னும் தூக்கம் கலையலையா? காபி கொண்டு வரட்டுமா துரைக்கு?"

அன்று முதல் நாய்க்குத் துரை என்று பெயர். துரையும் தன் பழைய பெயரை மறக்கப் பார்த்தான். பாதி மறந்தான்.

அவள் முதுகைத் திருப்பிய பிறகுதான் துரை கஞ்சி குடித்தான். குடித்துவிட்டு வெள்ளைச்சியிடம் ரகசியமாகக் கேட்டான். "இங்கே அடி எப்போது? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?"

"அப்படி ஒன்று இங்கே கிடையாது!"

"அப்படியானால் அந்தக் கோல் எதற்கு?"

கூடாரத்தில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கோலைத்தான் கேட்டான். ஆறு முழ நீளம். நுனியில் உரச்சாக்குத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. பச்சையம்மா அதை வலப்பக்கம் ஆட்டினால் வாத்துகள் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் ஆட்டினால் வலப்பக்கம் திரும்பும். ஒரு வாத்தின் இறகைக்கூட அது தொட்டதில்லை.

"அதுவா? நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்து அவள் ஆட்டிக்கொள்வாள்" என்றாள் வெள்ளைச்சி.

துரை நம்பவில்லை. கோல் அசைந்தால் போதும், கட்டுப்போட்ட காலோடு கூடாரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிவான். தலை மட்டும்தான் ஒளியும். உடம்பு முழுக்க வெளியே நிற்கும். வாத்துகளுக்குத் தினமும் இது நல்ல பொழுதுபோக்கு. ஆனாலும் இருட்டத் தொடங்கியதும் அவை அவனைச் சுற்றி அணைத்தாற்போல் படுத்துக்கொள்ளும்.

இதில் ஒருவருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கோரைப் புதரில் குடியிருந்த நரியார்தான் அவர். முந்நூறு வாத்து கண்ணெதிரே நடமாடுகிறது. நடுவில் ஒரு நாய்! ஒரு மாதம் பொறுத்தார். கட்டுப் பிரித்த அன்று துரையைப் புதரோரம் கூப்பிட்டார்.

"தம்பி, உன் பழைய எசமானனிடம் இருந்த மட்டை எத்தனை முழம்?"

"இரண்டு முழம்."

"இங்கே?"

"ஆறு முழம்" என்றான் துரை. சொல்லும்போதே வால் உள்ளே போய்விட்டது.

"முழத்துக்கு ஒரு வீக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்!"

"இத்தனை நாளில் ஒரு தடவைகூட அடிக்கவில்லையே!"

"சேர்த்து வைக்கிறாள்!" என்றார் நரியார். "சந்தேகமா? ஒரு முட்டையை உடைத்துப் பார். அப்போது தெரியும் அவள் குணம். உடைத்ததை வீணாக்காமல் பாதியை இங்கே கொண்டு வா."

துரை ஒரு முட்டையை உடைத்தான். பயத்தில் பாதியை மூக்கில் பூசிக்கொண்டான். பிறகு நேராகப் போய்க் கோலுக்குப் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வருவது சீக்கிரம் வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தான்.

பச்சையம்மா வந்தாள். உடைந்த முட்டை ஓட்டைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள்.

"ஏண்டா துரை, மூக்கெல்லாம் மஞ்சளா இருக்கே! எந்த ஊருக் கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றே?"

கோலை எடுத்தாள். உரச்சாக்குத் துண்டு சலசலத்தது. துரை மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் வாத்துகளோடு பாதி வயல் தாண்டிப் போயிருந்தாள்.

"அடிக்கவில்லை!" என்று ஓடிப் போய்ச் சொன்னான்.

"முட்டைக்கும் சேர்த்து வைத்துவிட்டாள்" என்றார் நரியார். பாதி முட்டை வராத வருத்தத்தில் குரல் இன்னும் கனிந்திருந்தது. "நாளைக் காலையில் வாத்துகள் வாய்க்காலைத் தாண்டும் நேரத்தில் ஓடிவிடு தம்பி. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

அடி வாங்கிய நாய்க்கு அன்பு புரிய நாளாகும், அடி மட்டும் உடனே புரியும். பாவம், துரை நரியை நம்பினான்.

மறுநாள் காலை வாத்துகள் வாய்க்காலில் இறங்கின. துரை நொண்டிக்கொண்டே வாய்க்கால் கரையோரமாகக் கிளம்பினான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். எதற்குத் திரும்பிப் பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாம் தடவை திரும்பியபோது பச்சையம்மா நின்ற கரை சரிந்தது. அவள் இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டாள். கையிலிருந்த கோல் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே வந்தது.

கோல் போனதும் கூட்டம் கலைந்தது. "என் பின்னால் வாருங்கள்!" என்று வெள்ளைச்சி இடப்பக்கம் போனாள். ஒருவரும் பின்னால் வரவில்லை. உடனே வலப்பக்கம் போனாள். அப்போதும் வரவில்லை. "எல்லாரும் அவரவர் இஷ்டப்படி போங்கள்!" என்று உத்தரவு போட்டாள். அதை மட்டும் முந்நூறும் கேட்டன. கேட்டு, நூறு வாத்துகள் நேராகக் கோரைப் புதரை நோக்கி நடந்தன.

புதருக்குள் நரியார் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துரை பார்த்தான். தன்னை ஏன் ஓடச் சொன்னார் என்பது அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நீயா? போ போ, நொண்டி!" என்றார் நரியார். நேற்று வரைக்கும் தம்பி.

"டேய் துரை! கோலை எடுடா சாமி!" என்று பச்சையம்மா கத்தினாள். சேறு மார்பை எட்டிக்கொண்டிருந்தது.

கோல் மிதந்து வந்து துரையின் காலடியில் முட்டியது. அவன் முடி சிலிர்த்தது. பழைய அடியெல்லாம் ஒரே நேரத்தில் முதுகில் வலித்தது. ஓடிவிடு என்று நான்கு கால்களும் சொல்லின, நொண்டிக் கால் கொஞ்சம் அதிகமாகவே சொன்னது.

துரை கண்ணை மூடிக்கொண்டு கோலைக் கவ்வினான்.

கோல் அவனைக் கடிக்கவில்லை. அட! வெறும் மூங்கில்!

கோலின் ஒரு முனை வானத்தைப் பார்க்க, மறுமுனையில் உரச்சாக்குத் துண்டு படபடக்க, துரை புதரை நோக்கி ஓடினான். சலசலப்பைக் கேட்டதும் நூறு வாத்துகளும் பழக்க தோஷத்தில் திரும்பி வரிசையாக நடந்தன. கோலைப் பிடித்திருப்பது யார் என்று ஒன்றாவது திரும்பிப் பார்க்கவேண்டுமே!

நரியார் பார்த்தார். ஆறு முழம்! முழத்துக்கு ஒரு வீக்கம் என்று அவரே சொன்ன கணக்கு அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

"அடிக்காதே! அடிக்காதே!" என்று அலறிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டம் மூன்று வயல் தாண்டித்தான் நின்றது. துரைக்கு, "இது அடிக்கிற கோல் இல்லை!" என்று பதில் சொல்ல ஆசைதான். வாய் நிறையக் கோல் இருந்தது.

அவன் கோலைப் பச்சையம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனான். ஒரு முனையை அவள் கையில் வைத்தான். அவள் அதைக் கரையின் குறுக்கே போட்டு, ஊன்றி, மெல்ல மெல்ல மேலே ஏறினாள். உடம்பெல்லாம் சேறோடு கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கோல் துரையின் தலைக்கு மேலே உயர்ந்தது.

துரை கண்ணை மூடவில்லை.

பச்சையம்மா அதைக் கவனித்தாள். கோலைப் போட்டுவிட்டு அவனைச் சேற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கடா கிளம்பினீங்க, துரை? உங்க வீடு இங்கதானே இருக்கு!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

வாத்துகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. வெள்ளைச்சி கடைசியாக வந்தாள்.

"பார்த்தீர்களா? நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது" என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் கோலை எடுத்துக் கொடுப்பது துரையின் வேலை. பச்சையம்மா கஞ்சி குடித்து முடிப்பதற்குள் கவ்விக்கொண்டு வந்து நிற்பான். அவள் அவசரமாகக் குடிப்பதைப் பார்த்து வாத்துகள் சிரிக்கும். துரையும் சிரிப்பான்.

பயப்படுவதா நம்புவதா என்பதைக் கோலைப் பார்த்து முடிவு செய்யாமல், அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.