பூஜ்யத்தில் நின்ற முள்

தென்காசியில் சபூரா நடத்திய கார்ப் பட்டறையில், அவளைவிட மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் அருளப்பன். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எடுத்த பொருளை அதனிடத்தில் உடனே திருப்பி வைப்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

"வாத்தியாரம்மா, என்னை எப்போ தனியா வேலை பார்க்க விடுவீங்க?"

"இந்த கார்ல டெஸ்ட் முடிஞ்சுது. குழாயில பெட்ரோல் அழுத்தம் பார்க்க மாட்டின கேஜைக் கழட்டிக் காட்டுங்க அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்."

அருளப்பன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினார். குழாயில் மிஞ்சிய பெட்ரோலைக் குடித்து எஞ்சின் தானே அணையும்வரை அதை ஓடவிட்டார். முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஃபியூஸைத் துடைத்து அதனிடத்திலேயே செருகினார். சூடு ஆறியபின், குனிந்து, கேஜின் இணைப்பில் ஸ்பேனரை வைத்தார்.

"எந்த தைரியத்துல கைவைக்கீங்க?"

"முள்ளைப் பாருங்க. செத்த பாம்பு மாதிரி கிடக்கு."

"கையை எடுங்க. தள்ளி நில்லுங்க."

நின்றார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த உரிமையாளர் தலையை நீட்டினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? உள்ள வெந்துபோயிருவேன்!"

"ஏசியைப் போட்டுக்கிடுங்க சார்."

சாவி திரும்பியது. பின்னிருக்கைக்கு அடியில் பம்பு முனகியது. முள் துள்ளி மேலேறி நின்றது.

அருளப்பன் தம் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இணைப்பு தளர்ந்திருந்தால் பெட்ரோல் பீறிட்டிருக்கும் இடம் அது.

அவர் உரிமையாளரை இறங்கச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"சாவியையும் புடுங்கியாச்சா? வண்டியாவது திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். முழுசாக் கிடைக்கும்."

ஃபியூஸை மறுபடி பிடுங்கினார். பாட்டரியின் மைனஸ் ஒயரை விலக்கினார். கேஜின் வடிகுழாயை டப்பாவில் விட்டு, குமிழை மெல்லத் திறந்தார். முள் மீண்டும் இறங்கியது. இணைப்பைத் துணியால் பொத்தித் திருகினார். நாலு சொட்டு, துணியோடு நின்றது. கேஜைக் கழற்றி, குழாயின் மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"முதல்லயும் முள்ளு பூஜ்யத்துலதானே நின்னுச்சு, வாத்தியாரம்மா? அது பொய்யா?"

சபூரா அடுத்த காரின் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"முள்ளு பொய் சொல்லல அண்ணாச்சி. அந்த நேரத்துக்கு உள்ளதைச் சொல்லுச்சு. நீங்கதான் இனிமேலுக்கும் சேர்த்துக் கேட்டுக்கிட்டீங்க."