பெயரும் அளவும் மட்டும்

குரு என்றால் தாடியும் காவியும் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் சங்கரவடிவு. நெல்லைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. அவளிடம் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்ற சீடர் எபனேசருக்கு ஐம்பத்திரண்டு. அதே ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றுவிட்டு அவள் பிரிவுக்கு வந்தவர்.

அந்தப் புதன்கிழமை காலை அவர் சாப்பிடாமல் வந்து அவள் மேஜை முன்னால் நின்றார்.

முந்தின நாள் மூன்றாம் வார்டில் கொம்பையா என்ற லாரி டிரைவர் இறந்துபோனார். மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய பொட்டாசியத்தை ஒரே ஊசியாகப் போட்டுவிட்டாள் ஜெபராணி என்ற நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பதினோரு மணிக்கு அவள்மேல் விசாரணை. கவனக்குறைவு என்று இப்போதே எழுதி வைத்துவிட்டார்களாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

"மேடம், டாக்டர் சரியா எழுதியிருக்காரு. அவர் கம்ப்யூட்டர் சரியா அனுப்பியிருக்கு. நம்ம நிரலும் நிக்காம ஓடியிருக்கு. தாள்ல இருந்ததைத்தான் அந்தப் பொண்ணு செஞ்சிருக்கா. அப்ப தப்பு யாருது?"

அவருக்கே தெரியும். வாயால் சொல்லத்தான் பயம்.

டாக்டரின் கம்ப்யூட்டரில் மாத்திரை ஒரு வகை, ஊசி ஒரு வகை, சிரப் ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் விவரம் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மருந்து. வார்டுக்கு அனுப்பும்போது அத்தனையும் வெறும் எழுத்தாகிவிடும். இன்ன வகை என்று முதல் வரியில் இருக்கும். அதைப் பார்த்து அந்த எழுத்தைத் திரும்ப மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆக்கித் தாளில் அச்சடிப்பது எபனேசர் எழுதிய நிரல்.

போன வாரம் டாக்டர் கம்ப்யூட்டரில் 'மெதுவாக ஏற்றுவது' என்று புதிய வகை ஒன்றைச் சேர்த்தார்கள். நிரலுக்கு அது தெரியாது. தெரியாத வகை வந்தால் பொதுவான மருந்தாக எடுத்துக்கொள் என்று எபனேசர் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். பொதுவான மருந்துக்குப் பெயரும் அளவும் உண்டு. வேகம் கிடையாது; தாளிலும் அது வரவில்லை.

வந்த சீட்டைத் திருப்பி அனுப்பாதே என்பதுதான் மருந்துக்கடையில் அவர் படித்த முதல் பாடம். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் குத்துமதிப்பாகப் படித்து எதையாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே நிரலிலும் ஏற்றிவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி," என்று எழுந்தாள் சங்கரவடிவு.

அவரையும் கூட்டிக்கொண்டு நேரே மார்ச்சுவரிக்குப் போனாள். வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். கொம்பையாவின் காலில் கட்டிய சீட்டு நனைந்து மை கரைந்துவிட்டது. சொந்தக்காரர் வந்து முகம் பார்த்துச் சொல்லாமல் தர மாட்டேன் என்று காவலுக்கு இருந்த பேச்சிமுத்து கதவை மறித்து நின்றான்.

"உள்ள ஒரே ஒரு பாடிதான கெடக்கு? அவரு சம்சாரம் வெளிய மயங்கி மயங்கி விழுது. அவள இந்த வாடைக்குள்ள இழுக்கணுமா? நீ மனுசனாலே?"

"என்ன வேணா ஏசிக்கோ."

"குடுத்துத் தொலைக்கலாம்லா," என்றார் எபனேசர் மெதுவாக. "கல்நெஞ்சுக்காரன்."



கடைசியில் கொம்பையாவின் மனைவியே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேச்சிமுத்து துணியை விலக்கினான்.

"இவியதான்," என்றாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவள் விழுந்தபோது தாங்கிப் பிடித்தவர் எபனேசர்தான். அவள் தலை அவர் தோளில் கிடந்தது.

பேச்சிமுத்து புதுச்சீட்டில் பெயர் எழுதிக் கட்டினான்.

"முதல்லயே குடுத்திருக்கலாமே?" என்று அவனிடம் கேட்டாள் சங்கரவடிவு.

"குடுத்திருக்கலாம் மேடம். ஒரு ஏச்சும் வாங்கியிருக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது மணி பத்தே முக்கால்.

"அந்த வரியை இப்பவே எடுத்துருதேன் மேடம். தெரியாத வகை வந்தா நிரல் நிக்கட்டும்."

"வார்டுல ஏசுவாங்க."

"ஏசட்டும்."

அவர் தன் இருக்கைப் பக்கம் திரும்பினார். அவள் குறுக்கே நின்றாள்.

"விசாரணை மாடியில நடக்கப் போகுது."

"என்னைக் கூப்பிடலையே மேடம்."

"கூப்பிட மாட்டாங்க."

எபனேசர் தரையைப் பார்த்தார். "வேலை போயிரும்."

"போகும். எனக்கும் போகும். அந்த வரியைப் படிச்சுட்டுச் சரின்னு சொன்னவ நான். வாங்க, ஏறுவோம்."

முதல் படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார்.

"உள்ள போயி என்னன்னு மேடம் சொல்ல?"

"தெரியாததை, தெரிஞ்ச மாதிரி அவளுக்கு எழுதிக் குடுத்தோம்னு சொல்லுங்க."