பேராயரின் காலி நாற்காலி

ஆலயம் கூட்டும் ஞானப்பூ பேராயரின் நாற்காலியைக் குப்பை எரியும் இடத்துக்கு இழுத்துப் போனாள். போதகர் பதறி ஓடிவந்தார்.

“பைத்தியமா உனக்கு? உன் செத்த புருஷன் படத்துக்கு மாலை போடுறது விக்கிரகாராதனை. அந்தப் படத்தைக் கொளுத்து, இல்லன்னா வேலை கிடையாதுன்னுதானே சொன்னேன்? நாற்காலியை ஏன் இழுக்குற?”

“உசிரில்லாத பொருளுக்குத் தலை குனிஞ்சா விக்கிரகம்னு பிரசங்கத்துல சொன்னீங்களே ஐயா. அவரு படத்துக்கு நான் குனிஞ்சதே இல்ல. தினமும் ஏசுறதுதான். பேராயர் வருஷத்துக்கு ஒருநாள்தான் வர்றாரு. மத்த நாளெல்லாம் இந்த வெறும் நாற்காலிக்கு நீங்க குனியுறீங்க.”

ஆலய வாசலில் நின்று பார்த்த பாடற்குழுவில் நாலைந்து பேருக்கு இருமல் வந்தது.

“படத்தை நீயே வச்சுக்க. நாற்காலியைப் பழைய இடத்துல போடு.”

ஞானப்பூ தூசி தட்டிப் போட்டாள். அங்கியைச் சரிசெய்தபடி அதைக் கடந்துபோன போதகர், வழக்கம்போலத் தலை குனிந்தார்.