வெள்ளிக் கோடு

காவி வாங்குமுன் ஒருமுறை வீட்டுக்குப் போய், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அந்த மலையடிவாரத்து மடத்தில் அதுதான் வழக்கம்.

சௌந்தரம் மட்டும் போகவில்லை. மகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவள். வருடம் ஏழாகிவிட்டது.

"எனக்கு அங்க ஒண்ணும் இல்ல சாமி" என்பாள்.

மடத்துத் தலைவரான சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். "சரிம்மா" என்பார். காவி மட்டும் தரமாட்டார்.

அன்று காலை காவி கிடைத்தது மாசிலாமணிக்கு. வந்து இரண்டே வருடம். சாலையில் பஸ் ஹாரன் கேட்டாலே பெண்டாட்டியை நினைத்து மூக்கைச் சிந்துகிறவன்.

எலுமிச்சை நாற்றுகளுக்கு நடுவே சௌந்தரம் சாமியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதவனுக்குக் குடுத்தீங்க. நான் ஒருநாள் அழுதிருப்பேனா?"

"இல்ல."

"ஊர்ப் பேச்சு எடுத்திருப்பேனா?"

"இல்லையேம்மா." சாமி குனிந்து ஒரு செடியைப் பார்த்தார். இலையோரமெல்லாம் கடி. "இதுக்கு என்ன ஆச்சு?"

"பச்சைப் புழு. தின்னா ஓரத்துலயே தெரிஞ்சிடும். காலையில கையால பொறுக்கிப் போட்டுடுவேன். ஒரு மழை பெஞ்சா துளிர்த்துடும்."

"வாசல்ல நாலு தொட்டி தனியா வெச்சிருக்கீங்களே?"

அந்த நாலிலும் ஒரு கடி கிடையாது. இலைக்கு இலை வெள்ளிக் கம்பியை வளைத்து வளைத்துப் பதித்ததுபோல் கோடு.

"வர்றவங்க பாக்கட்டும்னுதான். சிக்குக் கோலம் மாதிரி இல்ல? 'அக்கா போட்ட கோலம்'னு மாசிலாமணிகூடக் கேலி பண்ணுவான்."

சாமி வாசலுக்கு நடந்து, ஒரு தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தார். கோட்டின் நுனியில், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே, மஞ்சளாக என்னவோ நெளிந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது.

சௌந்தரம் வாங்கித் தடவிப் பார்த்தாள். விரலுக்கு அகப்படவில்லை. அந்த நாலு செடியும் சித்திரையிலிருந்து ஒரு விரற்கடைகூட வளரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இதை எப்படிச் சாமி பொறுக்குறது?"

"பொறுக்க முடியாதும்மா. தோலைக் கிழிச்சாத்தான் உண்டு."

கீழே சாலை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சட்டென்று மறுபடி இலையைப் பார்த்தாள்.

சாமி பஸ் போய் மறையும்வரை காத்திருந்தார்.

"பொண்ணு பேரு என்னம்மா?"

சௌந்தரத்தின் உதடு முதல் எழுத்துக்குக் குவிந்து, அங்கேயே நின்றது. கையிலிருந்த இலையின் தோலை நகத்தால் கீறினாள்.