ராணோஜி ராஜா மடித்த இலை

வடக்கிலிருந்து வந்து கோட்டையைப் பிடித்த ராணோஜி ராஜா, இந்த ஊர்ப் பழக்கம் எதுவும் இனி ஆகாது என்று தண்டோரா போடச் சொன்னார். மீறினால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம். ஊரே அடங்கிக் கிடந்ததால் ஒருவரும் சிக்கவில்லை.

கடுப்பான ராஜா சமையல்காரன் சடையாண்டியைக் கூப்பிட்டார். "நான் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஒருத்தனைப் பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா கழுதை உனக்குத்தான்."

சடையாண்டி வாழையிலை போட்டுப் பரிமாறினான். ராஜா ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். பாயசத்தை வழித்து நக்கினார். திருப்தியாக இலையைத் தன் பக்கம் மடித்தார்.

"எங்கே அவன்?"

"சிக்கிட்டார் மகாராஜா. எங்க ஊர் வழக்கப்படி இலையைத் தன் பக்கம் மடிச்சிருக்கார்."

ராஜா குனிந்து பார்த்தார். அவசரமாக இலையைப் பிரித்தார்.

"இன்னும் ரசம் வேணுமா மகாராஜா?"

ராஜா தன் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கழுதையை அவிழ்த்து விடு," என்றார். "ரசத்தை ஊத்து."